எல்லா வண்டிக்கும் ஒரே டயர்: எங்கள் கிராலர் கிளப்பில் ஸ்பெக் கிளாஸ் வந்த விதம்

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. ராக் கிராலர் வண்டிகளின் கிளப்பில் ஸ்பெக் கிளாஸ், அதாவது எல்லோரும் ஒரே மாதிரி பாகத்தோடு போட்டியிடும் பிரிவு, ஒன்று சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், சேர்க்கலாம் என்றுதான் சொல்வேன். கூடவே இரண்டு நிபந்தனை போடுவேன். இருக்கிற கிளாஸ்களில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள். வண்டியைப் பற்றி விதி எழுதுவதைக் குறைத்துக்கொண்டு டயரைப் பற்றி எழுதுங்கள். அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன கிளப்பில் இந்த கிளாஸைக் கொண்டுவந்த குழுவில் நானும் இருந்தேன். வேலை சாண்ட்லரில், சனிக்கிழமை காலை பாறைகளில் என்று போய்க்கொண்டிருக்கும் வாழ்க்கை என்னுடையது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் வண்டியைப் பாறைகளின் மேல் மெதுவாக ஏற்றி இறக்குவதுதான் கிராலிங். வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை. பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு குச்சிகளாக நட்டு 'கேட்' அமைப்பார்கள். வரிசைப்படி எல்லா கேட்டுக்குள்ளும் வண்டி நுழைந்து வர வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு முறை ரிவர்ஸ் எடுத்தால் 1 புள்ளி, குச்சியைத் தொட்டால் 10, கவிழ்ந்த வண்டியைக் கையால் தூக்கி நிறுத்தினால் இன்னொரு 10. குறைந்த புள்ளி எடுத்தவர் வென்றவர். வண்டிக்குப் பின்னாலேயே ஒரு நடுவர் நடந்து கணக்கு எழுதுவார்.

சிக்கல் கிளாஸ்களின் எண்ணிக்கையில் தொடங்கியது. அமெரிக்காவில் ஆர்.சி. கிராலிங்குக்கென்று யுஎஸ்ஆர்சிசிஏ என்ற அமைப்பு வகுத்த விதிப்படி 1.9 அங்குலம், 2.2 அங்குலம், சூப்பர் என்று சக்கர அளவை வைத்துப் பிரிவுகள் உண்டு. நிஜ வண்டியைப் போலவே தோற்றமுள்ள ஸ்கேல் வண்டிகளுக்கு சோர்கா என்ற இன்னொரு அமைப்பின் கிளாஸ் 1, 2, 3 தனியாக இருக்கிறது. 1-இல் கெடுபிடி அதிகம், 3-இல் தளர்வு. ஐந்நூறு பேர் கூடுகிற இடத்தில் இதெல்லாம் தேவைதான். இருபது சொச்சம் பேர் உள்ள கிளப்பில் எல்லாவற்றையும் நடத்தினால் ஒரு கிளாஸுக்கு மூன்று பேர் நிற்பார்கள். மூன்று பேரில் மூன்றாவதாக வந்து கோப்பை வாங்குவதில் என்ன இருக்கிறது?

போதாததற்கு, புதிதாக வருபவர் எந்த கிளாஸில் நிற்பது என்பதே புரியாது. என்னோடு வேலை செய்யும் மதுரைத் தம்பி ஒருவர் ஆசைப்பட்டு டப்பாவில் வந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பாறையிலேயே டயர் வழுக்கியது. பக்கத்தில் இன்னொருவரின் வண்டி அதே பாறையைப் பல்லி மாதிரி பிடித்துக்கொண்டு ஏறியது.

"அண்ணா, அவரு வண்டில என்ன இருக்கு?"

"மெத்தென்ற டயர், உள்ளே வேற ஃபோம், முன் அச்சில் எடைக்குப் பித்தளை."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். நல்ல டயர் ஒரு ஜோடி 30 டாலர் பக்கம். நான்கு டயரும், காற்றுக்குப் பதிலாக உள்ளே வைக்கும் ஃபோமும் சேர்ந்தால் நூறைத் தொடும். பித்தளை பாகங்களுக்கு இன்னொரு நூறு. அப்புறம் முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, மோட்டார். வண்டியின் விலையே மறுபடி ஒரு தடவை ஆகிவிடும். தம்பி சிரித்துவிட்டு, "அப்ப ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடி வாங்கக் கத்துக்கணும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் மாதிரி வந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப வரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஸ்பெக் என்ற யோசனை புதிதல்ல. எல்லோருக்கும் ஒரே பாகம், வித்தியாசம் ஓட்டுநரின் கையில் மட்டும் இருக்கட்டும் என்பது அதன் அடிப்படை. ஆர்.சி. உலகத்திலேயே டிராக்ஸஸ் ஸ்லாஷ் வண்டியை வைத்து 'ஸ்பெக் ஸ்லாஷ்' பல தடங்களில் ஓடுகிறது. பழைய டிரான்ஸ்-ஆம் பந்தயக் கார்களின் உருவத்தில் ஓடும் விடிஏ கிளாஸில் எல்லோருக்கும் ஒரே வகை டயர், 25.5 டர்ன் (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) மோட்டார். பெரிய கார்களில், மாஸ்டா மியாட்டாவை வைத்து ஓடும் ஸ்பெக் மியாட்டா. ஆனால் மியாட்டா கதையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. விதிக்குள் நின்றுகொண்டே, தேர்ந்த நிபுணர்களிடம் எஞ்சினைக் கட்டி வாங்கிப் பெரும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அங்கே உண்டு. 'ஸ்பெக்' என்று பெயர் வைத்துவிட்டால் செலவு தானாகக் குறைந்துவிடாது.

எங்கள் கிளப்பில் மூத்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் கிராலருக்கென்று தனி வண்டி கடையில் கிடைப்பது அரிது. டாமியாவின் கிளாட் பஸ்டர், டிஎல்டி-1 வண்டிகளின் அச்சுகளைக் கழற்றி, சட்டத்தை வீட்டிலேயே அறுத்துக் கட்டியவர்கள் வளர்த்த விளையாட்டு இது. ஆக்சியல் ஏஎக்ஸ்10 மாதிரி வண்டிகள் பின்னால்தான் வந்தன. "கட்டுவதுதான் விளையாட்டு, ஓட்டுவது அதைச் சோதித்துப் பார்ப்பது" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவருக்கு, விருப்பப்படி வண்டியை மாற்றிக் கட்டும் திறந்த கிளாஸ் அப்படியே இருக்கும், அதில் கை வைக்க மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

முதலில் வைத்த யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான்: ஒரே ஒரு மாடல், டப்பாவில் வந்தபடியே ஓட்ட வேண்டும். காகிதத்தில் அழகாக இருந்தது. பேசப் பேச ஓட்டைகள் தெரிந்தன. தயாரிப்பாளர்கள் மாடலைச் சும்மா வைத்திருப்பதில்லை. ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 வரிசையிலேயே மூன்று தலைமுறை வந்துவிட்டது. ஒரே பெயரில் விற்கிற வண்டிக்குள்ளும் டயர், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் நடுவில் மாறும். போன வருடம் வாங்கியவருக்கும் இந்த வருடம் வாங்கியவருக்கும் ஒரே 'டப்பா' கிடையாது. அதோடு, டப்பாவோடு வரும் சர்வோ பல வண்டிகளில் சீக்கிரம் பழுதாகும் பாகம். அதே சர்வோவை அசல் உதிரியாக வாங்குவதைவிட, அதைவிட வலுவான இரும்பு கியர் சர்வோவை வெளியில் மலிவாக வாங்கலாம். விதி சொல்கிறது என்பதற்காகப் புதியவரை மட்டமான பாகத்தைக் கூடுதல் விலைக்கு வாங்க வைப்பது அபத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர் இன்னொரு வண்டி வாங்கினால்தான் இதில் நிற்க முடியும். யாரை உள்ளே இழுக்கப் பார்த்தோமோ அவர்களே வெளியே நிற்பார்கள்.

அப்போதுதான் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: பத்தில் ஒரு பங்கு அளவு கிராலர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் சக்கரம் மாட்டும் இடம் ஒரே அளவு, 12 மில்லிமீட்டர் அறுகோணம். ஆக்சியல், டிராக்ஸஸ், எலிமென்ட், வேன்குவிஷ் எதுவானாலும் ஒரு வண்டிச் சக்கரத்தை இன்னொன்றில் மாட்டலாம். நான்கு நட்டைக் கழற்றி மாட்ட இரண்டு மூன்று நிமிடம். பாறையைத் தொடுவது டயர் மட்டும்தான். அதைப் பொதுவாக்கிவிட்டால் வண்டி யாருடையதாக இருந்தால் என்ன?

அதன்படி கிளப் பணத்தில் சக்கர செட்டுகள் வாங்கினோம். 1.9 அங்குலப் பிளாஸ்டிக் சக்கரம், நடுத்தர மென்மையுள்ள விலை குறைந்த டயர், அதோடு வந்த ஃபோம். மூன்றையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட்டோம். திருகு போட்ட பீட்லாக் சக்கரமாக இருந்தால் ராத்திரி வீட்டில் பிரித்து ஃபோமை மாற்றிவிடலாம். ஒட்டிய சக்கரத்தைப் பிரித்தால் தடம் தெரியும். ஒவ்வொரு செட்டுக்கும் எண் போட்டு, போட்டிக் காலையில் சீட்டு எடுக்கச் சொல்கிறோம். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் செட்டுகளைப் பராமரிப்பதுதான் யாரும் முன்கூட்டி யோசிக்காத வேலை. எங்கள் ஊர்ப் பாலைவனத்தில் சோய்யா என்றொரு கள்ளி உண்டு. தொட்டாலே முள் உருண்டையாகக் கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். டயருக்குள் ஏறினால் ஃபோம் வரை போகும். அடுத்தவர் சக்கரத்தைக் கையில் எடுக்கும்போது ரத்தம். எனவே திருப்பிக் கொடுப்பவரே குறடு வைத்து முள்ளைப் பிடுங்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதினோம். கோடையில் இங்கே கராஜுக்குள் வெயில் கொதிக்கும், ரப்பர் இறுகிப்போகும். பெட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள இடமுள்ள ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அது துணி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. வீட்டில் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஏழாம் எண் செட் ராசியில்லாதது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது வந்தவரெல்லாம் தோற்கிறார்களாம். ஒருவர் ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டர் கொண்டுவந்து எல்லா செட்டையும் அளந்து காட்டினார். சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இருந்தாலும் ஏழு வந்தால் முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

டயருக்கு அடுத்தது மோட்டாரும் பேட்டரியும். பேட்டரி 2எஸ் (இரண்டு செல் லிப்போ) மட்டும். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், மீட்டரை வைத்தால் ஒரு நொடியில் தெரியும். மோட்டார் பிரஷ் (உள்ளே மின்சாரம் கடத்தும் கரித் துண்டு) உள்ள வகை மட்டும் என்று முடிவு செய்தோம். எத்தனை டர்ன் என்பதை விட்டுவிட்டோம். கிராலிங்கில் 35 டர்னோ 55 டர்னோ, ஓட்டுபவர் கைக்குப் பழகியதுதான் நல்லது. இரண்டும் மலிவு. பரிசோதனை எளிது என்று நினைத்தோம்: மோட்டாருக்கு இரண்டு ஒயர் போனால் பிரஷ், மூன்று போனால் பிரஷ்லெஸ். ஹாபிவிங் ஃப்யூஷன் மாதிரி மோட்டார் மாட்டிய வண்டி ஒன்று வந்து அதைக் கெடுத்தது. அதில் ஸ்பீடு கன்ட்ரோலர் மோட்டாரின் உடம்புக்குள்ளேயே இருக்கும். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் நேராக அதற்குள் போகும். எண்ணிப் பார்த்தால் இரண்டு! ஆள் ஏமாற்ற வரவில்லை, அது பிரஷ்லெஸ் என்பது அவருக்கே தெரியாது, பழைய வண்டியாக வாங்கியிருந்தார். இப்போது விதி, 'கன்ட்ரோலர் தனிப் பெட்டியாக இருக்க வேண்டும், அதிலிருந்து மோட்டாருக்கு இரண்டே ஒயர்' என்று இருக்கிறது. சர்வோவைக் கட்டுப்படுத்தவே இல்லை.

அமெரிக்க மண் தடப் பந்தயங்களில் இருந்து ஒரு விதியைக் கடன் வாங்கினோம். 1979-இல் தொடங்கிய, ஐஎம்சிஏ என்ற பந்தய அமைப்பின் மாடிஃபைட் கிளாஸில், முன்னணியில் வந்தவரின் எஞ்சினை நிர்ணயித்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும் 'கிளெய்ம்' விதி உண்டு. அதே மாதிரி எங்களிடம், போட்டி முடிந்ததும் உடன் ஓட்டியவர் 40 டாலர் கொடுத்து உங்கள் மோட்டாரைக் கேட்கலாம். மறுக்க முடியாது. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பது எழுதியிருப்பதே போதுமாக இருக்கிறது. நூறு டாலர் மோட்டாரை யாரும் மாட்டிக்கொண்டு வருவதில்லை.

எடை விஷயம்தான் மெனக்கெட வைத்தது. முன் அச்சில், அதுவும் தாழ்வாக, எடை சேர்ந்தால் செங்குத்தான பாறையில் வண்டி மல்லாக்க விழாது. அதனால்தான் பித்தளை. மொத்த எடைக்கு உச்சவரம்பு வைத்தால் தீரும் என்று நினைப்பீர்கள். தீராது. டப்பாவோடு வரும் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 டிஃபெண்டரே மூன்று கிலோவுக்கு மேல். அதற்கு இடம் கொடுத்து வரம்பு வைத்தால், இலேசான சட்டத்தில் தாராளமாகப் பித்தளை ஏற்றிய வண்டியும் உள்ளே வந்துவிடும். கண்ணால் பார்த்து 'பித்தளை கூடாது' என்று சொல்லவும் முடியாது, கறுப்புப் பூச்சோடு விற்கிறார்கள். காந்தமும் ஒட்டாது. கடைசியில் முன் சக்கரங்களை மட்டும் சமையலறைத் தராசில் ஏற்றினோம், பின் சக்கரங்களுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை. பேட்டரியும் பாடியும் மாட்டிய நிலையில் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன்னால் இருந்தால் எதையாவது கழற்றிவிட்டு வர வேண்டும். இது முழுமையான விதி என்று சொல்ல மாட்டேன், எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தராசு சொல்லாது. பாடியை வெட்டக் கூடாது என்ற விதி அதில் ஒரு பகுதியை அடைக்கிறது. சாய்வுப் பலகையில் வைத்து எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று பார்க்கலாம் என்று ஒரு பொறியாளர் சொன்னார். எங்களில் பாதிப் பேர் பொறியாளர்கள்தான், யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒரு வண்டியைச் சோதிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிற எந்த விதியும் வேண்டாம் என்று சொல்லிப் பலகையைத் தவிர்த்தோம். அந்த இரண்டு நிமிட வரம்பை மற்ற கிளப்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காலையில் வரிசை நீண்டால் முதலில் கைவிடப்படுவது சோதனைதான்.

பின் சக்கரம் திருப்புவது கூடாது. பின் அச்சை மட்டும் நிறுத்திவிட்டு முன்னால் இழுத்துச் சட்டெனத் திரும்பும் 'டிக்' கூடாது. டிஆர்எக்ஸ்-4-இல் டிஃபரென்ஷியலை (இடது வலது சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் பாகம்) ரிமோட்டிலிருந்தே பூட்டித் திறக்கலாம். அதற்காக அந்த வண்டியை விலக்கினால் புதியவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஓட்டம் தொடங்கும் முன் பூட்டிக்கொள்ள வேண்டும், முடியும் வரை அந்த சுவிட்சைத் தொடக் கூடாது. அச்சு சக்கர மையத்தைவிட உயரமாக இருக்கும் போர்ட்டல் அச்சு வண்டிகளுக்கு அடிவயிறு உயரமாக இருப்பது சாதகம் என்று ஒரு புகார் இன்னும் இருக்கிறது. நேராக ஏறும்போது உண்மைதான். பக்கவாட்டில் சரிந்த பாறையில் அதே உயரம் வண்டியைக் கவிழ்க்கிறது. பாதை போடுகிறவர் இரண்டையும் கலந்து வைத்தால் சரியாகிவிடுகிறது என்பது என் கருத்து, எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பாதை போடுவதைப் பற்றி விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் ஸ்பெக் கிளாஸ் பிழைப்பதும் சாவதும் அங்கேதான். தொடக்கத்தில் திறந்த கிளாஸுக்குப் போட்ட கேட்டுகளிலேயே ஸ்பெக் வண்டிகளையும் விட்டோம். மூன்றாவது கேட்டில் ஒரு செங்குத்துப் பாறை. மெத்தென்ற டயருக்கு அது ஒரு சவால், எங்கள் பொது டயருக்கு அது சுவர். ஒவ்வொருவராக வந்து அங்கே நேரம் முடியும் வரை சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தோற்றால் யார் நன்றாக ஓட்டினார் என்று எப்படித் தெரியும்? இப்போது அதே பாறைக் கூட்டத்தில் வேறு நிறக் குச்சிகளால் தனிப் பாதை போடுகிறோம். ஏற்றத்தின் செங்குத்தைக் குறைத்து, கேட்டுகளை நெருக்கமாக, திருப்பங்களோடு வைக்கிறோம். எங்கே சக்கரத்தை வைப்பது என்ற யோசனைக்கு அங்கே வேலை அதிகம், பிடிப்புக்கு வேலை குறைவு. போட்ட பிறகு, டப்பா வண்டி ஒன்றை வைத்து யாராவது ஒருவர் கடைசி கேட் வரை போய்க் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கேட்டை நகர்த்த வேண்டும்.

இனி நடுவர் பஞ்சம். ஒரு கிளாஸைச் சேர்க்கும்போது கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி, அதற்கு நடுவர் யார் என்பது. ஓட்ட வந்தவர்களே நடுவராகவும் நடக்க வேண்டும். நான்கு கிளாஸ் இருந்தபோது சிலர் காலை முழுவதும் அடுத்தவர் வண்டியின் பின்னால் நடந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு தங்கள் முறைக்கு வந்தார்கள். ஐந்தாவது கிளாஸைத் தாங்க ஆள் இல்லை. 2.2 கிளாஸில் ஆள் குறைந்துகொண்டே வந்ததால் அதை நிறுத்தினோம். வருத்தப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் திறந்த ஸ்கேல் கிளாஸுக்குப் போனார், இன்னொருவர் கொஞ்ச நாள் வரவில்லை. ஸ்பெக் கிளாஸில் ஜோடி ஜோடியாக விட்டோம், ஒருவர் ஓட்ட மற்றவர் எண்ண, பிறகு மாற்றிக்கொள்ள. நண்பனுக்குக் குறைத்து எழுதிவிடுவான் என்ற பயம் இருந்தது. நடந்தது நேர்மாறு. அடுத்து தானும் இதே பாதையில் போக வேண்டியவன் எல்லா ரிவர்ஸையும் கவனமாக எண்ணுகிறான்.

சரி, பலன் என்ன? முதல் மூன்று இடங்களில் பெரிய மாற்றம் இல்லை. திறந்த கிளாஸில் ஜெயிப்பவர்கள்தான் இங்கும் குறைந்த புள்ளியில் முடிக்கிறார்கள். ஸ்பெக் வந்தால் எல்லோரும் சமமாகிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை பழகியவர் கை பழகியவர்தான். மாறியது நடுவில். முன்பெல்லாம் ஐந்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையே எட்டிப் பிடிக்க முடியாத தூரம் இருக்கும். இப்போது ஒரு கேட்டைத் தொட்டால் நான்கு இடம் இறங்கிவிடுகிறார்கள், தொடாமல் போனால் நான்கு இடம் ஏறுகிறார்கள். அந்த நெருக்கம்தான் ஆட்களை அடுத்த மாதமும் வரவைக்கிறது. மதுரைத் தம்பி இப்போது நடுவில் எங்கேயோ நிற்கிறார், இன்னும் பித்தளை வாங்கவில்லை.

தேர்ந்தவர்களை ஸ்பெக்கில் விடலாமா என்பதில் கிளப் இரண்டாகப் பிரிந்தது. விடக் கூடாது, புதியவர்கள் மனம் உடைந்துவிடும் என்பது ஒரு கட்சி. நான் மறு கட்சி. தன் சக்கரத்தைப் போன்ற அதே சக்கரத்தோடு ஒருவர் அந்தப் பாறையில் ஒரு விரற்கடை தள்ளி டயரை வைத்து ஏறிப் போவதைப் பார்ப்பதுபோல் வேறு பாடம் கிடையாது. வண்டியைக் குறை சொல்ல வழியில்லாமல் போகிறது. கடைசியில், திறந்த கிளாஸில் வென்றவர்கள் ஸ்பெக்கில் ஓட்டலாம், கோப்பையும் புள்ளியும் கிடையாது என்று சமரசம் செய்தோம். அவர்கள் முதலில் ஓட வேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவிலான எஸ்சிஎக்ஸ்24 மாதிரி குட்டி வண்டிகளை வைத்து ஸ்பெக் நடத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே 43 டிகிரி அடிக்கிற எங்கள் கோடைக்கு அது நல்ல யோசனை, ஒரு அறைக்குள் நான்கு கல்லை அடுக்கினால் போதும். ஆனால் குட்டி வண்டி மலிவு என்று ஏமாற வேண்டாம். அதற்கும் பித்தளையில் அச்சு உறை முதல் சக்கரம் வரை விற்கிறார்கள். எல்லாவற்றையும் மாட்டினால் வண்டி விலையைப் போல இரண்டு மடங்கு ஆகும். அங்கேயும் இதே வழிதான்: சக்கர அறுகோணம் 7 மில்லிமீட்டர், பொதுச் சக்கரம், தராசு.

இப்போது எங்கள் முன்னால் உள்ள தலைவலி, தேர்ந்தெடுத்த டயர் கடைகளில் கிடைப்பது குறைந்துவருவது. இன்னும் ஒரு சீசனுக்குத் தாங்கும் அளவு செட்டுகள் கையில் இருக்கின்றன. வேறு டயருக்கு மாறினால் எல்லா செட்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பாதி பழையது, பாதி புதியது என்று ஓட்ட முடியாது. அதற்கான பணத்தை ஆளுக்கு 15 டாலர் நுழைவுக் கட்டணமாக வசூலிப்பதா, ஒரு உள்ளூர் கடையிடம் கேட்பதா என்று அக்டோபரில் சீசன் தொடங்கும் முன் கூடி முடிவு செய்ய வேண்டும். கடையிடம் கேட்டால் அந்தக் கடையில் நிறைய இருக்கிற டயர்தான் வரும் என்பதால் என் ஓட்டு கட்டணத்துக்கு.